நிலம் வாங்குவது கடைசிப் படி: விவசாயத்தைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

விவசாயத்துக்கு வர நினைக்கிறவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் காரியம் நிலம் தேடுவது. சேமிப்பில் பெரும்பகுதியை நிலத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தில் போர் போட்டு, கம்பி வேலி கட்டி, அதன் பிறகு என்ன பயிர் வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் விதை வாங்கவும் கூலி கொடுக்கவும் கையில் பணம் இருக்காது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. கணக்கு, கற்றல், குத்தகை, தண்ணீர், சந்தை, பயிர் எல்லாம் முடிந்து கடைசியில்தான் நிலம். இங்கே சொல்வது தமிழ்நாட்டு நிலவரம். அப்பா, தாத்தா நிலம் கையில் இருப்பவர்கள் குத்தகைப் பகுதியை மட்டும் தாண்டிவிடலாம், மற்றதெல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: வீட்டுச் செலவிலிருந்து கணக்குப் போடுங்கள்

"ஏக்கருக்கு இத்தனை லட்சம்" என்ற பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். பள்ளிக் கட்டணம், மருத்துவம், வாடகை, கடன் தவணை எல்லாம் சேர்த்து.

இப்போது ஒரு பயிரை எடுத்துப் பார்ப்போம். பாசன உளுந்து ஏக்கருக்கு 350 கிலோ வந்தால் அது நல்ல விளைச்சல். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) 7,800 ரூபாய். ஆக மொத்த வரவே 27,300 ரூபாய்தான். இதில் உழவு, விதை, களை, மருந்து, அறுவடை, கதிரடிப்பு எல்லாம் போக பாதி கையில் நின்றால் மகிழ்ச்சி. ஒரு ஏக்கர் உளுந்து ஒரு குடும்பத்தைத் தாங்காது என்பது இந்த நாலு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமே 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்கும் கீழே என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. அதனால்தான் ஊரில் நிலைத்து நிற்கிற விவசாயிகள் பலரும் ஒரே பயிரை நம்புவதில்லை. தினமும் காசு தர மாடு, வாரம் காசு தர காய்கறி அல்லது பூ, வருடத்துக்கு ஒரு முறை மஞ்சளோ கரும்போ வாழையோ, வரப்போரம் தென்னை என்று பிரித்து வைத்திருப்பார்கள். உங்கள் திட்டத்திலும் இந்த மூன்று விதமான வரவும் இருக்க வேண்டும்.

ஒரு வருட வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக இல்லாமல் வேலையை விடாதீர்கள். மனைவியோ கணவரோ சம்பள வேலையில் இருந்தால், முதல் மூன்று வருடங்கள் அது தொடரட்டும்.

படி 2: ஒரு பருவம் இன்னொருவர் வயலில் நில்லுங்கள்

வீடியோ பார்த்து வருகிற அறிவு வேறு, மடை மாற்றிவிடும்போது வருகிற அறிவு வேறு. நீங்கள் விவசாயம் செய்ய நினைக்கிற அதே வட்டாரத்தில், நன்றாகச் செய்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு விதைப்பிலிருந்து அறுவடை வரை வாரத்தில் இரண்டு நாளாவது கூட இருங்கள். கேட்க வேண்டிய கேள்விகள்: இந்த ஊரில் எந்தப் பட்டத்தில் என்ன வைப்பார்கள், மழை எந்த வாரத்தில் கெடுக்கும், ஆள் எந்த மாதம் கிடைக்காது, மயிலும் காட்டுப்பன்றியும் எந்தப் பயிரை விடாது. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மலையடிவார ஊர்களில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் வைப்பதா வேண்டாமா என்பதைப் பன்றிதான் முடிவு செய்கிறது.

முறையான பயிற்சிக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. இன்று காளான், தேனீ, நாற்றங்கால், ஆடு வளர்ப்பு என்று பல குறுகியகாலப் பயிற்சிகள் இந்த நிலையங்களில் நடக்கின்றன. பட்டப்படிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய் உங்கள் கிராமத்துக்கான உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று கேட்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். காய்கறி, பழம், பூ, மசாலாப் பயிர்கள் என்றால் தோட்டக்கலைத் துறை தனி. போனில் தமிழ்நாடு அரசின் உழவன் செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். அவசரச் சந்தேகத்துக்கு கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

படி 3: ஒரு ஏக்கர் குத்தகை

முதல் இரண்டு வருடம் குத்தகை நிலத்தில் செய்யுங்கள். ஒரு ஏக்கர் போதும், அதிகம் போனால் இரண்டு. ஊருக்கு ஊர் அளவு மாறும். கொங்குப் பக்கம் ஏக்கர், சென்ட் என்பார்கள். டெல்டாவில் மா, குழி. 100 குழி ஒரு மா, 3 மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. பேசும்போது எந்தக் கணக்கில் பேசுகிறார் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பணக் குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்கு), ஒத்தி (மொத்தப் பணம் கொடுத்து, அது திரும்பி வரும்வரை நிலத்தை அனுபவிப்பது) என்று பல ஏற்பாடுகள் உண்டு. புதிதாக வருபவருக்கு வாரம் நல்லது என்பேன். விளைச்சலைப் பங்கு போடுவதால் நில உரிமையாளரும் பயிர் மேல் ஒரு கண் வைப்பார், நஷ்டமும் பாதியாகும். ஆனால் எதுவாக இருந்தாலும் தாளில் எழுதுங்கள். 1955-ம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்துப் பல உரிமையாளர்கள் எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள், "வாய்வார்த்தை போதும் தம்பி" என்பார்கள். அவர்கள் பயம் புரிகிறது. ஆனாலும் எழுத்து இல்லாமல் அடங்கலில் (யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமப் பதிவேடு) உங்கள் பெயர் வராது, அடங்கல் இல்லாமல் பயிர்க்கடனும் காப்பீடும் சிரமம். கால அளவு, தொகை, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்த நாள், நீங்கள் போடுகிற பைப்பும் மோட்டாரும் யாருக்குச் சொந்தம், இந்த நான்கும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி 4: தண்ணீரை அளந்து பாருங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். குத்தகைக்கும் சரி, பின்னால் வாங்குவதற்கும் சரி, நிலத்தைச் சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. அதனால் தை மாதத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும்.

அளக்கிற முறை எளிது. 200 லிட்டர் பேரல் ஒன்றை மோட்டார் பைப்புக்குக் கீழே வையுங்கள். மோட்டார் போட்டதும் அளக்காதீர்கள், அரை மணி நேரம் ஓடட்டும். அப்புறம் பேரல் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 40 வினாடி என்றால் வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர்.

இப்போது தேவை எவ்வளவு? ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சுமார் 1,02,800 லிட்டர். வாய்க்காலில் பாய்ச்சும்போது ஒரு தண்ணீருக்கு 2 அங்குலமாவது பிடிக்கும். அதாவது 2 லட்சம் லிட்டருக்கு மேல். நம் மோட்டார் அதை இறைக்க 11 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அந்தக் கிணறு கோடையில் ஒரு நாளைக்கு 4 மணி நேரம்தான் தாங்கும் என்றால், ஐந்து நாளுக்கு ஒரு தண்ணீர் கேட்கிற காய்கறியை இரண்டு ஏக்கரில் கூட வைக்க முடியாது. "நாலு ஏக்கருக்குத் தாராளமாப் பாயும்" என்று தரகர் சொல்வதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று ஊற்று. கிணறு வற்றும்வரை ஓட்டி நிறுத்திவிட்டு, மறுபடி பழைய மட்டத்துக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேளுங்கள், முடிந்தால் அங்கேயே இருந்து பாருங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம்.

தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டும். 20 நிமிடம் மோட்டார் ஓடிய பிறகு, அதே தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் தென்னை தாங்கும், பீன்ஸும் எலுமிச்சையும் தாங்காது. பயிர்த் தேர்வே மாறிவிடும்.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிறார்கள். வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று தேவை. பொதுவாக இரண்டரை ஏக்கர் வரை குறு, 5 ஏக்கர் வரை சிறு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 5: மண்

மண் மாதிரி எடுப்பதில் அவசரம் வேண்டாம். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம், அண்மையில் உரம் போட்ட இடம் ஆகியவற்றை விடுங்கள். மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் 'V' வடிவில் அரை அடிக்கு வெட்டி, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வாழை, கரும்பு, பருத்தி என்றால் முக்கால் அடி. ஏக்கருக்கு 10 இடங்களிலாவது எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரை கிலோ மிஞ்சும். அதை நிழலில் உலர்த்திக் கொடுங்கள். முடிவில் முதலில் பார்க்க வேண்டியது கார அமிலத் தன்மை (pH). 6.5 முதல் 7.5 வரை என்றால் பெரும்பாலான பயிர்களுக்குக் கவலை இல்லை. எட்டரைக்கு மேல் போனால் களர் மண்ணாக (சோடியம் மிகுந்த மண்) இருக்க வாய்ப்பு அதிகம். ஜிப்சம் எவ்வளவு போட வேண்டும் என்று நிலையத்திலேயே சொல்வார்கள்.

படி 6: விதைக்கு முன் விற்பனை

பயிரை முடிவு செய்வதற்கு முன்னால் சந்தையில் போய் நில்லுங்கள். காய்கறி என்றால் ஒட்டன்சத்திரம் போன்ற மொத்தச் சந்தைக்கு, மஞ்சள் என்றால் ஈரோடு ஏலத்துக்கு, பூ என்றால் சத்தியமங்கலம் அல்லது தோவாளைக்கு. மூட்டை எப்படிக் கட்டுகிறார்கள், எந்த ரகத்துக்கு முன்னுரிமை, கமிஷன் எத்தனை சதவீதம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யார் தலையில், பணம் அன்றே கிடைக்குமா அல்லது வாரம் கழித்தா என்று கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து அந்தச் சந்தைக்கு வண்டி வாடகையைச் சேர்த்த பிறகுதான் அது உங்கள் விலை.

சிறிய அளவில் காய்கறி செய்பவர்களுக்கு உழவர் சந்தையைப் போல உதவுவது வேறில்லை. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை. அன்றைய விலையை மொத்தச் சந்தை விலைக்கு மேலும், வெளிக் கடை விலைக்குக் கீழும் இருக்கும்படி அதிகாரிகள் காலையிலேயே குறிக்கிறார்கள். வயலைப் பார்த்து உறுதிசெய்த பிறகு அடையாள அட்டை தருவார்கள். பயறு, எள், கடலை, மக்காச்சோளம் போன்றவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம். நெல்லுக்கு நேரடி கொள்முதல் நிலையம்.

அழுகும் பொருளை முதல் பயிராக வைக்க வேண்டாம். தக்காளி விலை இறங்கினால் பறிகூலிக்கே கட்டாது, வயலிலேயே விடவேண்டி வரும். சின்ன வெங்காயத்தைப் பட்டறை (காற்றோட்டமான சேமிப்பு) போட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருக்கலாம். உளுந்தை நன்றாகக் காயவைத்தால் அதைவிட அதிக நாள் வைக்கலாம்.

படி 7: முதல் பயிர், உளுந்து

புதிதாக வருபவருக்கு நான் சொல்லும் முதல் பயிர் உளுந்து. 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும், முதலீடு குறைவு, மண்ணுக்கும் நல்லது, தப்பு நடந்தாலும் குடும்பம் சாயாது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிற பயறு ஆராய்ச்சி மையத்தின் 'வம்பன்' ரகங்கள் விரிவாக்க மையத்திலேயே கிடைக்கும். மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சான்று விதைக்கான அடையாளம். பில் வாங்கி, அந்த அட்டையையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள். முளைப்பில் பிரச்சினை வந்தால் அதுதான் ஆதாரம்.

ஏக்கருக்கு 8 கிலோ விதை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்து ஒரு நாள் வையுங்கள். அப்புறம் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தை (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) குழைத்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும். வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், பிறகு மண்ணைப் பார்த்து ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை. தண்ணீர் தேங்கக் கூடாது. அதே சமயம் பூவெடுக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் காயவும் விடக் கூடாது. களையை முதல் ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை எடுத்துவிட வேண்டும்.

பூக்கிற சமயத்தில் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிப்பது விளைச்சலை நன்றாகவே கூட்டும். 4 கிலோ டிஏபியை முதல் நாள் மாலையே 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் கலக்காமல், மேலே தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி 200 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு ஏக்கருக்குத் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

தினமும் காலையில் வயலுக்குள் நடங்கள். இலையில் பளிச்சென்று மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் அது. மருந்தால் அந்தச் செடியைக் குணமாக்க முடியாது, ஆரம்பத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். பூச்சிமருந்து வாங்கத்தான் வேண்டும் என்றால் டப்பாவில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம். பச்சை, நீலம் போதுமா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொன்னார் என்று மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது செலவுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு.

பத்தில் எட்டுக் காய் கறுத்ததும் அறுவடை. காயவைத்த உளுந்தைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை.

படி 8: ஆள், இயந்திரம், கணக்கு நோட்டு

ஆள் பற்றாக்குறை உண்மை. அதற்கு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலியை அன்றன்றே கொடுங்கள், டீ, வடை நேரத்துக்குத் தாருங்கள், வேலை செய்கிற அக்காக்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். அறுவடை நெருக்கடியில் யார் வயலுக்கு முதலில் வருவது என்று அவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள், களையில் அவர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியவும் தெரியாது. டிராக்டர் சொந்தமாக வாங்க வேண்டாம். ஐந்து கலப்பை, ஒன்பது கலப்பை, ரொட்டவேட்டர் எல்லாம் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டிகளுக்கு உழவன் செயலியிலேயே பதியலாம், வெளியை விடக் குறைவு.

நோட்டில் வரவு, செலவு தேதியோடு எழுதுங்கள். உங்கள் சொந்த உழைப்புக்கும் வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டு எழுதுங்கள். அதை விட்டுவிட்டு லாபம் என்று சொல்வது லாபம் ஆகாது.

படி 9: கடனும் காப்பீடும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். அங்கே வாங்கும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி இல்லை. மண்டியில் முன்பணம் வாங்கினால் விளைச்சலை மண்டிக்காரர் சொல்கிற விலைக்கே போட வேண்டிவரும். அதை முடிந்தவரை தவிருங்கள்.

பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது, காப்பீட்டுத் தொகையில் காரிஃப் (மழைக்காலப் பருவம்) உணவுப் பயிருக்கு 2, ராபிக்கு (குளிர்காலப் பருவம்) 1.5, தோட்டக்கலை மற்றும் பணப் பயிருக்கு 5 சதவீதம். பெரும்பாலும் இழப்பீடு உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து வருவதில்லை, அந்த கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலை வைத்து வருகிறது. இதைத் தெரிந்துகொண்டே கட்டுங்கள், ஆனால் கட்டாயம் கட்டுங்கள். பிஎம் கிசான் திட்டத்தில் மத்திய அரசு வருடத்துக்குத் தரும் 6,000 ரூபாயை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு அது கிடைக்காது.

படி 10: இப்போது நிலம்

நான்கைந்து பயிர் எடுத்து, நோட்டில் எழுதி, எந்தப் பயிர் உங்களுக்குக் கைவருகிறது என்று தெரிந்த பிறகு, அந்தப் பயிருக்கு ஏற்ற மண்ணும் தண்ணீரும் இருக்கிற இடத்தைத் தேடுங்கள். தமிழ்நாட்டில் விவசாயக் குடும்பம் அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம், அதற்குத் தடை இல்லை.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்: பட்டா, சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல், அ பதிவேடு (நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), தாய்ப்பத்திரம் முதல் தொடர்ச்சியான பத்திரங்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று. கூட்டுப்பட்டா என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூரில் இருக்கிற தங்கைக்கு ஆட்சேபம் இல்லை என்று வாயால் சொன்னால் போதாது. அ பதிவேட்டில் அது கோயில் நிலமா, பூமிதான (நிலமற்றவர்களுக்குத் தானமாக வந்த) நிலமா, ஓடைப் புறம்போக்கா, பஞ்சமி நிலமா என்று பாருங்கள். பஞ்சமி நிலம் 1892-ல் பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதை மற்றவர்கள் வாங்குவது செல்லாது, நியாயமும் இல்லை.

பாதையைக் காலால் நடந்து பாருங்கள். டிராக்டர் இப்போது போகிறது என்பது வேறு, புலப்படத்திலோ பத்திரத்திலோ வண்டிப்பாதை இருப்பது வேறு. கிணறு பொதுவில் இருந்தால் "கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மின் மோட்டாரில் நாலில் ஒரு பங்கும், தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால் பாத்தியமும்" என்று பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும். முறை நாள் எது என்பதையும் மற்ற பங்காளிகளிடம் நேரில் கேளுங்கள். நில அளவையர் வந்து கல் நட்ட பிறகே பாக்கித் தொகை.

பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாதீர்கள். உட்பிரிவு தேவைப்பட்டால் அதற்கான விண்ணப்பத்தை உடனே போடுங்கள். மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இலவச மின்சாரம் இருந்தாலும் இணைப்பு பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடந்தால், கிணற்றை மாற்றும்போதும் மோட்டார் திறனைக் கூட்டும்போதும் அவரைத் தேடி அலைய வேண்டிவரும். அடுத்த பட்டத்தில் விதைத்ததும் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தப் பயிர் உங்கள் பெயரில் அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.